த்ரீ நாட் த்ரீயின் குழலைக் குடைந்த கதை

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த வெள்ளை நகரத்துக்கு வடக்கே, கடலை ஒட்டி இருக்கிறது குருசுக்குப்பம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கரையில் நின்றவர் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் நின்றார். சில மைல் தூரம் நடந்தால் போதும், பிரிட்டிஷ் இந்தியா வந்துவிடும். அந்த எல்லையைத் தாண்டினால் மாறிவிடும் சட்டங்களில் முக்கியமான ஒன்று, துப்பாக்கியைப் பற்றியது.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருந்தது. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்த சட்டம். இந்தியர் ஒருவர் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குற்றம். ஐரோப்பியருக்கோ விலக்கு! அந்தச் சட்டம் புதுச்சேரிக்குள் செல்லாது. 1910-இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயர் இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடப் பயிற்சி தந்தார். அவரிடம் பழகிய வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி.

இந்தச் சம்பவம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதற்குப் பின்னால் இருக்கும் ஒரு கேள்வியை யாரும் அதிகம் கேட்பதில்லை. துப்பாக்கியைக் கண்டு பயப்படும் அரசு, பொதுமக்களிடம் இருந்து அதைப் பறித்துவிடலாம். சரி, தன்னிடமே வேலை பார்க்கும் சிப்பாய்க்கும் போலீஸ்காரருக்கும் ஜெயில் வார்டருக்கும் என்ன செய்யும்? அவர்கள் கையில் துப்பாக்கி கொடுத்தே ஆக வேண்டுமே!

அதற்குப் பிரிட்டிஷ் அரசு கண்டுபிடித்த வழி விசித்திரமானது. துப்பாக்கியைக் கொடுத்தது. கொடுப்பதற்கு முன்பு அதன் உள்ளே ஒரு சின்ன வேலை செய்தது.

தோட்டா அறை என்பது என்ன?

அந்த வேலையைப் புரிந்துகொள்ளத் துப்பாக்கியின் உள்ளமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாட்டுத் துப்பாக்கியில் குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டு, கம்பியால் இடித்து இறுக்குவார்கள். நவீன ரைபிளில் அப்படி இல்லை. மருந்து, குண்டு, தீப்பற்ற வைக்கும் மூடி எல்லாம் ஒரு பித்தளைக் கூட்டுக்குள் அடங்கியிருக்கும். அதுதான் தோட்டா. அது குழலின் பின்பக்கம் வழியாக உள்ளே போய் உட்காரும் இடம்தான் தோட்டா அறை. பூட்டுக்கு ஏற்ற சாவி போல, அறையின் வடிவமும் தோட்டாவின் வடிவமும் மிகச் சரியாகப் பொருந்த வேண்டும். தோட்டா பெரிதாக இருந்தால் உள்ளே போகாது. சிறிதாக இருந்தால் கூடு வெடித்துச் சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து வரலாம்.

ஆகவே ஒரு துப்பாக்கி எந்தத் தோட்டாவைச் சுடும் என்பதைத் தீர்மானிப்பது அந்த அறைதான். அதை 'ரீமர்' என்ற வெட்டுக் கருவியால் குடைந்து வேறு வடிவத்துக்கு மாற்றினால், துப்பாக்கியும் வேறு துப்பாக்கி ஆகிவிடும்!

அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் இதை ஒரு பொழுதுபோக்காகவே செய்திருக்கிறார்கள். கடையில் விற்கும் தோட்டாவின் கூட்டை எடுத்துக் கழுத்தைச் சுருக்குவது அல்லது விரிப்பது, பிறகு அதற்கேற்றபடி ரைபிளின் அறையைக் குடைவது. எந்தத் தொழிற்சாலையும் தயாரிக்காத இப்படிப்பட்ட தோட்டாவுக்கு அங்கே 'காட்டுப்பூனை' என்று பொருள்படும் 'வைல்ட்கேட்' என்ற பெயர். ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டும் போட்டுச் சுடும் ரைபிள்கள் இதற்கு மிகவும் வசதி. மேகசின் இல்லாததால் புது வடிவத் தோட்டா அதில் சிக்கிக்கொள்ளுமோ என்ற கவலை இல்லை. இப்படிப் பட்டறையில் பிறந்த சில தோட்டாக்கள் பிற்பாடு பெரிய நிறுவனங்களின் தயாரிப்பாகவும் மாறின. .22-250 என்ற தோட்டாவை 1965-இல் ரெமிங்டன் நிறுவனம் ஏற்றுக்கொண்டது ஓர் உதாரணம்.

அங்கே இதைச் செய்யத் தூண்டியது வேட்டைக்காரரின் ஆசை. குண்டு இன்னும் வேகமாகப் போக வேண்டும், இன்னும் நேராகப் போக வேண்டும் என்பதுதான் நோக்கம். இந்தியாவில் நடந்தது இதற்கு நேர் எதிர்.

1857-க்குப் பிறகு

1857 கிளர்ச்சிக்குத் தீப்பொறியாக இருந்தது ஒரு தோட்டா என்பது பள்ளிப் பாடத்திலேயே வரும். என்ஃபீல்டு ரைபிளின் காகிதத் தோட்டாவில் பசு, பன்றிக் கொழுப்பு தடவியிருப்பதாகப் பரவிய செய்தி சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது. அந்த ரைபிளின் பெருமை அதன் குழலுக்குள் இருந்த சுருள் பள்ளங்கள். அவை குண்டைச் சுழல வைத்து வெளியே அனுப்பும். பம்பரம் சுழலும்போது சாயாமல் நிற்பது போல, சுழலும் குண்டும் பல நூறு கெஜம் வரை நேராகப் போகும்.

கிளர்ச்சி அடங்கியதும் அரசு யோசித்தது. இவ்வளவு நல்ல ரைபிளை மறுபடியும் இந்தியச் சிப்பாயிடம் கொடுக்கலாமா? பீரங்கிகளைப் பெரும்பாலும் ஐரோப்பியர் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். ரைபிளுக்கு வேறு வழி. .577 அங்குல விட்டம் கொண்ட அதே என்ஃபீல்டு குழலை .656 அங்குலத்துக்குக் குடைந்தார்கள். சுருள் பள்ளங்கள் முழுவதும் போய், உள்ளே மூங்கில் குழாய் போல வழுவழுப்பாகிவிட்டது. ஏற்றி இறக்கிக் குறிபார்க்கும் தகட்டுக்குப் பதிலாக அசையாத ஒன்றை வைத்தார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் வெள்ளைக்காரச் சிப்பாயின் துப்பாக்கிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. சுட்டால்தான் தெரியும்!

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. குழலைக் குடைந்ததால் சுவர் மெலிந்துவிட்டது. குழல்கள் நசுங்கவும் புடைக்கவும் தொடங்கின. எனவே 1859-இல் தடித்த சுவர் கொண்ட குழலோடு புதிதாக ஒரு மாதிரியைச் செய்ய வேண்டி வந்தது. அதாவது, மட்டமான துப்பாக்கியை உருவாக்குவதற்கென்றே அரசு தனியாகச் செலவு செய்தது.

அதற்குப் பிறகு பல ஆண்டுகளுக்கு ஒரு வழக்கம் நிலைத்தது. வெள்ளைக்காரப் படைக்குப் புதிய ரைபிள் வந்தால், அவர்கள் கழித்த பழையது இந்தியப் படைக்கு வரும். 1866-இல் வந்த ஸ்னைடர், என்ஃபீல்டின் பின்பக்கத்தை வெட்டித் திறந்து தோட்டா போடும்படி மாற்றிய துப்பாக்கி. 1871-இல் பிரிட்டிஷ் வீரர்களுக்கு மார்ட்டினி-ஹென்றி வந்தது. இந்தியச் சிப்பாய்கள் ஸ்னைடரோடு இருந்தார்கள். 1888-இல் அவர்களுக்கு எட்டுத் தோட்டா மேகசின் கொண்ட லீ-மெட்ஃபோர்டு வந்தபோது, இவர்கள் கையில் ஒற்றைத் தோட்டா மார்ட்டினி. எப்போதும் ஒரு தலைமுறை பின்னால்தான்!

1914 செப்டம்பர் இறுதியில் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இந்தியப் படை இறங்கியபோது, கொண்டுபோன ரைபிள்களை அங்கேயே கொடுத்துவிட்டுப் புதியவற்றை வாங்கிக்கொண்டார்கள். ஜெர்மனியோடு போர் என்றபோது, மட்டமான ஆயுதம் யாருக்கும் உதவாது என்பது அரசுக்கே தெரிந்தது.

இஷாப்பூர் மஸ்கட்

இனி இந்தக் கதையின் முக்கியமான பாத்திரத்துக்கு வருவோம்.

கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் இஷாப்பூரில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரைபிள் தொழிற்சாலை வந்தது. நம் ஊரில் 'த்ரீ நாட் த்ரீ' என்று எல்லோரும் சொல்லும் .303 லீ-என்ஃபீல்டு ரைபிள் அங்கே லட்சக்கணக்கில் தயாரானது. பத்துத் தோட்டா பிடிக்கும் மேகசின், வேகமாக இழுத்துத் தள்ளக்கூடிய போல்ட், அரை மைலுக்கு அப்பாலும் ஆளை வீழ்த்தும் வல்லமை. உலகின் சிறந்த ராணுவ ரைபிள்களில் ஒன்று.

ராணுவத்தில் பயன்படுத்தித் தேய்ந்த இந்த ரைபிள்களைப் போலீசுக்கும் சிறைக் காவலுக்கும் கொடுக்க நினைத்த அரசு, 1858-இன் பாடத்தை மறக்கவில்லை. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இஷாப்பூரில் மறுபடியும் குடையும் வேலை தொடங்கியது. .303 அங்குலக் குழலை (சுமார் 7.7 மி.மீ.) .410 அங்குலத்துக்கு (சுமார் 10.4 மி.மீ.) பெரிதாக்கினார்கள். சுருள் பள்ளங்கள் போயின. மேகசின் இருந்த பள்ளத்தில் ஒரு மரக்கட்டையைச் செருகி அடைத்துவிட்டார்கள். பத்துத் தோட்டா ரைபிள், ஒற்றைத் தோட்டா மஸ்கட் ஆனது.

இதற்கென்று தனியாக ஒரு தோட்டாவும் வேண்டுமே! .303 தோட்டாவின் பித்தளைக் கூடு பாட்டில் போல இருக்கும். உடல் அகலம், கழுத்து ஒடுக்கம். அந்தக் கழுத்தைச் சுருக்காமல் நேராகவே விட்டால் வாய் அகன்ற ஒரு புதிய கூடு கிடைக்கும். அதில் பெரிய குண்டையோ சிறு ரவைகளையோ நிரப்பலாம். பூனாவை அடுத்த கிர்க்கி தோட்டாத் தொழிற்சாலையில் இது தயாரானது. அமெரிக்க வேட்டைக்காரர் தன் வீட்டுப் பட்டறையில் செய்யும் 'காட்டுப்பூனை' வேலை அப்படியே இதுதான். ஆனால் செய்தவர் அரசாங்கம்!

கடையில் விற்கும் சாதாரண .410 வேட்டைத் தோட்டாவும் இந்த அறைக்குள் சரியாகப் போய் உட்காராது. ஆக, ஒருவர் போலீஸ் நிலையத்தைத் தாக்கி இந்த மஸ்கட்டைத் தூக்கிக்கொண்டு போனாலும், கையில் இருக்கும் தோட்டா தீர்ந்ததும் அது வெறும் தடி. அதுவும் கிட்டத்தில் வந்தால் மட்டுமே குறி தப்பாத துப்பாக்கி. எதிரே ராணுவம் த்ரீ நாட் த்ரீயோடு வந்தால் தூரத்திலேயே கதை முடிந்துவிடும்.

பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த எகிப்திலும் இதே யோசனை செயல்பட்டது. பர்மிங்காமின் கிரீனர் நிறுவனம் அங்கே போலீசுக்காக மார்ட்டினி அமைப்பில் ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி செய்து கொடுத்தது. அதற்கும் கடையில் கிடைக்காத, தனி வடிவத் தோட்டாதான்.

இவ்வளவுக்கும் அந்த மஸ்கட்டைத் தோளில் சுமந்தவர் யார்? இரவெல்லாம் சிறைச்சாலை மதிலில் பாரா நின்ற இந்தியர். அரசு அவரை நம்பிக் கைதிகளை ஒப்படைத்தது. ஆனால் அவரையே முழுமையாக நம்பவில்லை என்பது அவர் சுமந்த குழலுக்குள் எழுதியிருந்தது.

வேட்டைக்காரர்களுக்கு வந்த தொல்லை

இந்தப் பயம் வெள்ளைக்கார வேட்டைக்காரர்களையும் விடவில்லை. 1898-இல் லண்டனின் ரிக்பி நிறுவனம் கொண்டுவந்த .450 தோட்டா யானை, காட்டெருமை வேட்டைக்குப் புகழ்பெற்றது. ஆனால் பழைய மார்ட்டினி-ஹென்றியின் விட்டமும் .450 தான். ஒரே விட்டக் குண்டு கிடைத்தால், பதுக்கி வைத்த பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கும் உயிர் வந்துவிடும் என்று அரசு அஞ்சியது. 1907-ஐ ஒட்டி இந்தியாவிலும் சூடானிலும் .450 ரைபிள்களின் இறக்குமதி தடையானது.

லண்டன் துப்பாக்கி நிறுவனங்கள் சும்மா இருக்குமா? தடை செய்த எண்ணைத் தாண்டிப் போனால் சரி என்று .465, .470, .475, .476 என வரிசையாகத் தோட்டாக்கள் வந்தன. எல்லாமே ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்பவைதான். இவற்றில் .470 இன்றும் ஆப்பிரிக்க வேட்டையில் புழங்குகிறது. ஒரு சட்டத்தை ஏமாற்றப் பிறந்த அளவு, சட்டம் போன பிறகும் வாழ்கிறது!

.303 ரைபிளும் தனியாருக்குக் கிடையாது. அதனால் இந்தியாவில் வேட்டையாடியவர்கள் அந்நிய நாட்டுத் தோட்டாக்களைத் தேடினார்கள். ஜிம் கார்பெட்டின் புகழ்பெற்ற .275 ரிக்பி சுட்டது, ஜெர்மானிய 7×57 மௌசர் தோட்டாவை. தென்னாப்பிரிக்காவில் போயர்கள் பிரிட்டிஷ் படைக்கு எதிராகப் பயன்படுத்திய அதே தோட்டா! சேலம், தர்மபுரிப் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிய கென்னத் ஆண்டர்சனின் கையில் இருந்தது அமெரிக்க .405 வின்செஸ்டர். எந்தத் தோட்டா கொடியது என்று சட்டம் பார்க்கவில்லை. அரசுக் கிடங்கில் இருந்து திருடக்கூடிய தோட்டாவா என்று மட்டுமே பார்த்தது.

புதுச்சேரியை ஆண்ட பிரான்சும் இந்த வழியில் போனது. 1939 ஏப்ரல் 18-ஆம் தேதி வந்த ஆணைச் சட்டம், ராணுவத் தோட்டா சுடும் துப்பாக்கிகளைத் தனி வகையாக்கிக் கட்டுப்படுத்தியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மானிய மௌசர்கள் அங்கே மலிவாகக் கிடைத்தபோது, பிரெஞ்சு வேட்டைக்காரர்கள் அவற்றின் 8×57 அறையை மூன்று மில்லிமீட்டர் நீளமாகக் குடைந்து 8×60 ஆக்கிக்கொண்டார்கள். மூன்றே மில்லிமீட்டர். ராணுவத் துப்பாக்கி, வேட்டைத் துப்பாக்கி ஆகிவிட்டது.

.315: பாதுகாப்பான தோட்டா?

இந்தியாவில் வேட்டை ரைபிளுக்கு நிரந்தரமாக நிலைத்த அளவு .315. இது ஆஸ்திரிய ராணுவத்தின் 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டாதான், பெயர் மட்டும் வேறு. பிரிட்டிஷ் கிடங்கில் இல்லாத தோட்டா என்பதே இதன் தகுதி. பி.எஸ்.ஏ. நிறுவனம் இந்தியச் சந்தைக்காக லீ-என்ஃபீல்டு வகை போல்ட்டோடு .315 ரைபிள்களைச் செய்து அனுப்பியது. விடுதலைக்குப் பிறகு இஷாப்பூர் தொழிற்சாலையே .315 ரைபிளைத் தயாரித்து உரிமம் பெற்றவர்களுக்கு விற்றது. பார்வைக்கு த்ரீ நாட் த்ரீயின் தம்பி. தோட்டா அறை மட்டும் வேறு.

1947-இல் ஆட்சி மாறியது. பழைய வழக்கம் மாறியதா? மஸ்கட் குடையும் வேலை விடுதலைக்குப் பிறகும் சில காலம் நடந்தது. 1959-ஆம் ஆண்டின் புதிய ஆயுதச் சட்டமும் 1962-ஆம் ஆண்டின் விதிகளும் வந்தபோது .303, 7.62 மி.மீ. ராணுவத் தோட்டாக்களைச் சுடக்கூடிய ரைபிள்கள் தனியாருக்குத் தடை செய்த பிரிவில் சேர்ந்தன. அந்தப் பட்டியலில் .410 மஸ்கட்டுக்கும் ஓர் இடம்! ராணுவத்துக்குப் பயன்படாதபடி வேண்டுமென்றே மட்டமாக்கிய துப்பாக்கி, ராணுவ ரைபிளோடு ஒரே வரிசையில் நின்றது. உரிமம் இல்லாமல் துப்பாக்கியை மாற்றி அமைப்பதும் குற்றம் ஆனது. ஒரு காலத்தில் எல்லைக்கு அப்பால் இருந்த புதுச்சேரிக்கும் இன்று அதே சட்டம்தான்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. .315 ரைபிள் மட்டும் வங்கி வாசலிலும் பண்ணை வீட்டிலும் காவலுக்குத் தொடர்ந்தது. தோட்டாவும் தொடர்ந்து தயாரானது. விளைவு? உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் கள்ளப் பட்டறைகளில் செய்யும் 'கட்டா' என்ற ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கிகளில் பெரும்பகுதி 12 போர் அல்லது .315 அளவுக்கே செய்யப்படுகின்றன. கிடைக்கிற தோட்டாவுக்கு ஏற்ற துப்பாக்கியைத்தானே செய்வார்கள்! அரசின் கிடங்கைக் காப்பாற்றத் தேர்ந்தெடுத்த தோட்டா, சாதாரண மனிதரின் உயிரைக் காப்பாற்றவில்லை.

மறுபக்கம், போலீஸ்காரருக்குப் பழையது போதும் என்ற எண்ணமும் எளிதில் போகவில்லை. 2008 நவம்பர் 26 இரவு மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் ஏ.கே. 47 ஏந்தி வந்தவர்களுக்கு எதிரே நின்ற காவலர்கள் பலரிடம் லத்தியும் பழைய த்ரீ நாட் த்ரீயும்தான் இருந்தன. உத்தரப் பிரதேச போலீஸ் த்ரீ நாட் த்ரீக்கு முறைப்படி விடை கொடுத்தது 2020 குடியரசு தினத்தில்.

கடல் கடந்த மஸ்கட்

இஷாப்பூர் மஸ்கட்டுகளில் ஏராளமானவை பிற்காலத்தில் பழைய சரக்காக அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் விற்பனையாகிப் போயின. மலிவு விலை, பழமை வாசனை, கையில் எடுத்தால் லீ-என்ஃபீல்டின் கம்பீரம். வாங்கியவர்களுக்கு ஒரே பிரச்சினை, கிர்க்கி தோட்டா கிடைக்கவில்லை. உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? பட்டறையில் ரீமரை எடுத்து, கடையில் விற்கும் .410 தோட்டா போகும்படி அந்த அறையை மறுபடியும் குடைந்தார்கள்! முயலும் அணிலும் சுடும் ஒற்றைத் தோட்டா வேட்டைத் துப்பாக்கியாக அது மாறிவிட்டது.

ராணுவ ரைபிளாகப் பிறந்து, பயத்தால் குடையப்பட்டு மஸ்கட்டாகி, கடைசியில் யாரோ ஒருவரின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக முடிந்திருக்கிறது அந்த இரும்பு. அதன் குழலை எட்டிப் பார்ப்பவர்களுக்கு உள்ளே வழுவழுப்பான துளை மட்டுமே தெரியும். அதைத் தோளில் சுமந்து பாரா நின்றவர்களுக்கு அந்தத் துளை எதற்காக என்று தெரிந்திருக்குமா?